மனநோய் ரத்தத்தில் வருவதா, வாழ்க்கையில் வருவதா?

கேட்டிருப்பவர் ஓர் அக்கா. அவருடைய 23 வயதுத் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று சென்ற ஆண்டு மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து அந்தப் பையனைத்தான் அதிகம் அடித்திருக்கிறார். கல்லூரி விடுதியில் இரண்டு ஆண்டு கஞ்சாப் பழக்கம் இருந்திருக்கிறது. அம்மாவின் சித்தப்பா ஒருவர் புத்தி பேதலித்து ஊரைவிட்டே போனவர். இந்த மூன்றில் எது காரணம், இது உடம்பிலேயே இருந்த நோயா அல்லது வாழ்க்கை கொடுத்த நோயா, 32 வயதில் திருமணத்துக்குக் காத்திருக்கும் தனக்கோ நாளை பிறக்கும் தன் பிள்ளைக்கோ வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவைப் பொறுத்தவரை பிறப்போடு வரும் நாட்டத்தின், அதாவது நோய்க்கு ஆட்படும் தன்மையின், பங்கு பெரியது; அந்த நாட்டம் நோயாக வெளிப்படுமா, எந்த வயதில் வெளிப்படும், வெளிப்பட்ட பின் எப்படிப் போகும் என்பவற்றில் வாழ்க்கைக்குக் கணிசமான கை உண்டு. மனநோய் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் போட்டுவைத்திருக்கும் நோய்கள் ஒரே குணமுடையவை அல்ல என்பதால், இந்த விடையை அப்படியே மனச்சோர்வுக்கோ பேரதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறுக்கோ எடுத்துச் செல்ல முடியாது. அதோடு, உங்கள் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைத் தொடாமல் மரபணுக் கணக்கை மட்டும் சொன்னால் பதில் அரைகுறையாகவே இருக்கும்.

தென்மாவட்டம் ஒன்றில் 25 ஆண்டுகளாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒருவரோடு இரு பக்கத்து உறவினர்களும் வந்து உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி எழுந்துவிடும். “எங்க வம்சத்துல இப்படி ஒருத்தரும் கிடையாது டாக்டர், அவங்க பக்கம்தான் விசாரிக்கணும்” என்று பெரியப்பா தொடங்குவார். “மச்சான் குடிச்சிட்டு வந்து பிள்ளையப் போட்டு அடிச்சது தெருவுக்கே தெரியும், இப்ப வம்சம் பேசுறாங்க” என்று தாய்மாமன் திருப்பிக் கொடுப்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பார். யாருக்காக வந்தார்களோ அந்தப் பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெரியப்பா பேசுவது மரபியல், மாமா பேசுவது வாழ்க்கை அனுபவம். இரண்டு பேருமே தத்தம் வீட்டுக்குச் சேதமில்லாத அறிவியலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காரணம் எது என்று கேட்கும்போது குற்றம் யாருடையது என்றே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. இந்த இரண்டையும் பிரித்துவைத்துக்கொண்டு மேலே போகலாம்.

நம் மொழியும் இதில் ஒரே கட்சியாக நிற்பதில்லை. பித்து, பைத்தியம் ஆகிய சொற்களுக்குள் பித்தம் என்ற உடற்கூறு இருக்கிறது. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கமே நோய் என்ற மருத்துவம் அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்தது. அதே வாயால் “மனசு ஒடிஞ்சு போச்சு”, “ஏக்கம் பிடிச்சிருக்கு” என்றும் சொல்கிறோம், அவை வாழ்க்கையைக் குற்றம் சாட்டும் சொற்கள். செய்வினை என்ற மூன்றாவது கட்சி எந்தக் குடும்பக் கூட்டத்திலும் ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

உடல், வாழ்க்கை என்ற இந்தப் பிரிவினையே எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு மனநல மருத்துவ வரலாற்றில் பெலாக்ராவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மனநோய் விடுதிகளில் ஏராளமானவர்களைக் கொண்டுசேர்த்த நோய் அது. வெயில் படும் இடங்களில் தோல் தடித்து வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, பின்னர் புத்தி குழம்பும். 1914இல் அதை ஆராய அரசு அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், அனாதை விடுதிகளிலும் மனநோய் விடுதிகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் நோய் வருவதையும், அவர்களைத் தொட்டுத் தூக்கிப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு வராததையும் கவனித்தார். ஒட்டிக்கொள்ளும் நோயாக இருந்தால் இப்படி ஆள் பார்த்து வராது. பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் உணவில் சேர்ந்ததும் அந்த விடுதிகளில் நோய் அடங்கியது. தொற்று அல்ல என்று காட்டுவதற்காக நோயாளிகளின் ரத்தத்தைத் தம் உடலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார் அவர். ஆனால் அதே ஆண்டுகளில், குடும்பக் கொடிவழிகளை வரைந்து பார்த்த சார்லஸ் டேவன்போர்ட் என்ற மரபியலாளர், இந்நோய்க்கு ஆட்படும் தன்மை பரம்பரையானது என்று 1916இல் எழுதினார். நோய் சில குடும்பங்களிலேயே தலைமுறையாகத் தொடர்ந்தது என்னவோ உண்மைதான். தொடர்ந்தது மக்காச்சோளமும் வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் தவிர வேறு எதையும் வாங்க முடியாத வறுமை. நயாசின் என்ற வைட்டமினின் குறைபாடே காரணம் என்பது 1937இல் தெளிவானது. நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. தக்காணத்தில் சோளத்தையே மூன்று வேளையும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் இதே நோய் இருந்ததை சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் ஆராய்ந்து எழுதினார்கள். இப்போது சொல்லுங்கள், பெலாக்ராவில் வந்த புத்திக் குழப்பம் உடல் சார்ந்ததா, வாழ்க்கை சார்ந்ததா? மூளையின் வேதியியலில் நடந்தது, தட்டில் என்ன விழுந்தது என்பதால் நடந்தது, கூலி எவ்வளவு என்பதால் தட்டில் அது விழுந்தது.

மேகநோயின் (சிஃபிலிஸ்) கடைசிக் கட்டத்தில் வரும் மூளைப் பாதிப்பும் இப்படித்தான். ஒரு காலத்தில் ஒழுக்கக்கேட்டின் விளைவு என்றும் மூளைச் சோர்வு என்றும் பேசப்பட்ட அந்தப் பைத்தியத்தில், இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் மேகநோய்க் கிருமியே இருந்ததை நொகுச்சியும் மூரும் 1913இல் காட்டினார்கள். பென்சிலின் வந்தபின் அந்த நோயாளிகள் எங்கள் வார்டுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனார்கள்.

மிக அண்மைய எடுத்துக்காட்டு 2007இல் கிடைத்தது. மூளை நரம்புகளின் ஒருவகை ஏற்பியை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோயை ஹோசப் டால்மாவ் குழுவினர் விவரித்தார்கள். இளம்பெண்கள் பலருக்கு அதன் தொடக்கம் சூலகத்தில் வளரும் ஒரு கட்டி. அந்தக் கட்டுரையைப் படித்திருந்ததால் மட்டுமே என்னால் சரியாகப் பார்க்க முடிந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். பத்தொன்பது வயது, கழுத்தில் தாயத்து, நெற்றி நிறையத் திருநீறு, ஐந்து நாள் தூங்காத கண்கள். யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து ஓடுவாள், அடுத்த நிமிடம் சிலைபோல் நிற்பாள். காதல் விவகாரத்தில் வீட்டில் சண்டை நடந்த மறுவாரம் தொடங்கியதால் எல்லோரும் அதையே காரணமாகச் சொன்னார்கள், கதையும் பொருந்தியது. பொருந்தாதவை இரண்டு: இலேசான காய்ச்சல், வாயோரத்தில் நிற்காத ஒரு துடிப்பு. நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினோம், கட்டி இருந்தது, எடுத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து அவளே பேருந்தில் வந்து எனக்கு வணக்கம் சொன்னாள். பொருத்தமான சோகக் கதை ஒன்று கையில் இருக்கிறது என்பதாலேயே அதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அவளிடம்தான் கற்றேன். இப்படிக் காரணம் பிடிபட்ட ஒவ்வொரு நோயும் நரம்பியலுக்கோ பொது மருத்துவத்துக்கோ போய்விடுவதால், எங்கள் துறையில் எஞ்சி நிற்பவை ஒற்றைக் காரணத்துக்குப் பிடிகொடுக்காத நோய்களே. உங்கள் தம்பியின் நோய் அவற்றில் முதன்மையானது.

மனச்சிதைவில் பரம்பரையின் பங்கை அளக்க இரட்டையர்களே பழைய வழி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுக்க ஒன்று. இரு கருவில் வந்தவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலப் பாதியே பகிர்வார்கள். டென்மார்க்கின் தேசிய இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஒருகரு இரட்டையரில் 33 சதவீதம், இருகரு இரட்டையரில் 7 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 33க்கும் 7க்கும் உள்ள இடைவெளி மரபணுவின் வலுவைச் சொல்கிறது. ஒரே மரபணுக்களோடு பிறந்தும் மூன்றில் இருவர் நோயின்றி இருந்தது மரபணு விதி அல்ல என்பதைச் சொல்கிறது.

இரட்டையர் ஒரே வீட்டில்தானே வளர்கிறார்கள், வீட்டின் தாக்கமாக ஏன் இருக்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகவே தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைத் தேடிப் போனார்கள். மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாள்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை லெனர்ட் ஹெஸ்டன் அமெரிக்காவில் கண்டுபிடித்து 1966இல் எழுதினார். அவர்களில் 5 பேருக்கு நோய் இருந்தது, நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் பிரிக்கப்பட்ட 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாயின் முகத்தையே அறியாத பிள்ளைக்குத் தாயின் நோய் வந்தால், வளர்ப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்லாந்தில் பெக்கா தியெனாரி இதே வகைத் தத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, அவர்களை வளர்த்த வீடுகளையும் நேரில் போய் ஆராய்ந்தார். நோயுள்ள தாய்க்குப் பிறந்தவர்கள் சச்சரவும் ஏச்சும் நிறைந்த வீட்டில் வளர்ந்தபோது மனச்சிதைவும் அதைச் சார்ந்த கோளாறுகளும் கூடுதலாக வந்தன; அமைதியான வீட்டில் வளர்ந்தபோது அதே பிறப்புச் சுமையோடும் பெரும்பாலோர் தப்பினார்கள். பிறப்புச் சுமை இல்லாத பிள்ளைகளை மோசமான வீடும் இந்த நோயை நோக்கி அவ்வளவாகத் தள்ளவில்லை. உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் ஆய்வு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மனச்சிதைவு “80 சதவீதம் மரபு” என்ற வாசகத்தை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அந்த எண் ஒரு மனிதரின் நோயைப் பங்கு போட்டுச் சொல்வதல்ல. உங்கள் தம்பியின் நோயில் நூற்றுக்கு எண்பது அம்மாவின் சித்தப்பாவால், இருபது அப்பாவால் என்று அதிலிருந்து கணக்கெழுத முடியாது. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதே அதன் பொருள். மரபு என்றால் மாற்ற முடியாதது என்றும் ஆகாது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் முழுக்க ஒரு மரபணுவின் பழுதால் வருவது. கவனிக்காவிட்டால் குழந்தையின் அறிவு வளர்ச்சி கடுமையாகக் குன்றும். பிறந்த சில நாள்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டறிந்து, ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போல வளர்கிறது. காரணம் முழுதும் மரபணு, தீர்வு முழுதும் சாப்பாடு.

மனச்சிதைவுக்கு அப்படி ஒற்றை மரபணு கிடையாது. உலகெங்கும் சேர்த்த தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான பெரிய ஆய்வு, மரபணுத்தொகுதியில் 287 இடங்களை இந்நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் தாக்கமும் தனியே பார்த்தால் மிகச் சிறியது, அவற்றில் ஒரு பகுதி நம் எல்லோரிடமும் இருக்கிறது. 22ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவோ அதைப் போன்ற நோயோ வருவது விதிவிலக்கு. ஒரே ஒரு மரபணுவும் ஒரே ஒரு அதிர்ச்சியும் சேர்ந்து நோய் என்ற எளிய கதையை நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் ஒரு மரபணுவின் குட்டையான வடிவம் உள்ளவர்களுக்குத் துயரம் வந்தால் மனச்சோர்வு வரும் என்று 2003இல் வெளியான ஆய்வை நானே மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆர்வத்தோடு நடத்தினேன். லட்சக்கணக்கானோரின் தரவை வைத்து 2019இல் சரிபார்த்தபோது அது நிற்கவில்லை.

இனி வாழ்க்கையின் பக்கம். அது நாம் நினைப்பதைவிட முன்பே, பிறப்பதற்கும் முன்பே தொடங்குகிறது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்கு நகரங்கள் பட்டினி கிடந்தன. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்தது. 1959–61 சீனப் பஞ்சத்தில் பிறந்தவர்களிடமும் இதே இரண்டு மடங்கு தெரிந்தது. இடப்பெயர்வும் ஒரு காரணி. கரீபியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்து போன குடும்பங்களில் இந்நோய் அங்குள்ள வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் ஜமைக்காவில் எண்ணிப் பார்த்தபோது அங்கே அப்படி அதிகமாக இல்லை. கப்பலேறும்போது மரபணு மாறுவதில்லை. வந்த இடத்தில் ஒதுக்கப்பட்டு, எப்போதும் எச்சரிக்கையோடு வாழ நேர்வதன் விளைவு அது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

கஞ்சாவைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்வீடனில் 1969–70இல் படையில் சேர வந்த ஏறத்தாழ 45,000 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. 18 வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு ஆறு மடங்கு வந்தது. மற்ற காரணிகளைக் கழித்தால் அந்த மடங்கு குறைந்ததே தவிர மறையவில்லை. நோய் தலைகாட்டத் தொடங்கிய பதற்றத்தைத் தணிக்கவே சிலர் புகைக்கிறார்கள் என்பதும் உண்மை, ஆகவே முதலில் எது என்பது ஒவ்வொருவரிடமும் தெளிவாக இருக்காது. விடுதி அறையில் உங்கள் தம்பியோடு வட்டமாக உட்கார்ந்து புகைத்த மற்ற பையன்களில் அநேகமாக ஒருவருக்கும் இது வந்திருக்காது. சாய்ந்து நின்ற சுவரில் அவன் கை வைத்தான் என்று சொல்லலாம். சுவரை அவன் கட்டவில்லை.

அப்பாவின் அடி? சிறு வயதில் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு ஆகியவற்றுக்கு ஆளானவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வகை நோய்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகக் காணப்படுவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் காட்டியிருக்கிறார்கள். மூன்று மடங்கு என்பது பெரிதாகத் தெரிந்தாலும், நூற்றில் ஒருவருக்கு வருவது மூவருக்கு வரும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. இன்னொரு சிக்கலையும் நினைவில் வையுங்கள். அப்பா தந்தது வீட்டுச் சூழலை மட்டுமல்ல, மரபணுக்களில் பாதியையும் அவரே தந்திருக்கிறார். குடிக்கு அடிமையாகும் நாட்டமும் மனநோய் நாட்டமும் சில மரபணுக்களைப் பகிர்ந்துகொள்வதால், அவருடைய குடியும் மகனின் நோயும் ஒரே வேரின் இரு கிளைகளாகவும் இருக்கலாம். ஒரே கருவில் பிறந்து 1950களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஆராயப்பட்ட நான்கு சகோதரிகளின் கதையை இங்கே நினைக்கிறேன். ஒரே மரபணு, கொடுமைக்காரத் தந்தை, நால்வருக்குமே மனச்சிதைவு. ஆனால் பெற்றோர் கெட்டிக்காரிகள் என்று கருதி நடத்திய இருவரில் ஒருத்தி மணம் செய்து பிள்ளை பெற்று வாழ்ந்தாள். குறையுள்ளவர்கள் என்று கருதி நடத்திய இருவர் மிகவும் நலிந்தார்கள். நலிந்ததால் அப்படி நடத்தினார்களா, அப்படி நடத்தியதால் நலிந்தார்களா என்பதை அத்தனை பக்கங்கள் எழுதியும் அவிழ்க்க முடியவில்லை.

மற்ற நோய்களில் தராசு வேறு பக்கம் சாயும். மனச்சோர்வில் மரபின் பங்கு நாற்பது சதவீதத்துக்குள்தான் மதிப்பிடப்படுகிறது. லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பெண்களை வீடு வீடாகச் சந்தித்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் எழுதியவை எங்கள் ஊர்ப் புறநோயாளிப் பிரிவிலும் அப்படியே கேட்பவை: பதினொரு வயதுக்குள் தாயை இழந்தது, வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள், வெளியே வேலை இல்லாமை, மனம்விட்டுப் பேசக் கணவனோ துணையோ இல்லாமை; இவற்றோடு ஒரு பெரிய இழப்பு சேரும்போது மனச்சோர்வு பிடிக்கிறது. மூளையில் செரோடோனின் குறைந்ததுதான் காரணம் என்ற விளக்கத்துக்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னதும், அப்படியானால் மருந்தே ஏமாற்று என்று சிலர் பேசினார்கள். விளக்கம் தவறினால் மருந்து தவறிவிடாது; மருந்து கேட்பதால் விளக்கம் சரியாகிவிடவும் செய்யாது.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாற்றில் நிகழ்ச்சி இல்லாமல் நோயே இல்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுவதும் நோயாளிகளைப் பார்த்து எழுதியவை, குண்டும் இடப்பெயர்வும் தனி மனங்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் எப்படி உடைத்தன என்பதற்குத் தமிழர்களிடம் உள்ள மிக முக்கியமான சாட்சியம். அங்கும் ஒரே பதுங்குகுழியில் இருந்த எல்லோரும் நோயாளியாகவில்லை. வியட்நாம் போருக்குப் போய் இந்தக் கோளாற்றோடு திரும்பிய வீரர்களின் மூளையில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சிறியதாக இருந்ததைப் பார்த்து, போர்தான் அதைச் சுருக்கிவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். அவர்களில் சிலருக்கு ஒருகரு இரட்டையர் இருந்தார்கள், போருக்கே போகாதவர்கள். 2002இல் அவர்களையும் படம்பிடித்துப் பார்த்தபோது அந்தப் பகுதி அவர்களுக்கும் சிறியதாகவே இருந்தது.

இனி, கேள்விக்கு அடியில் இருந்த கேள்வி. 1948இல் ஃபிரீடா ஃபிராம்–ரைஷ்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதிவைத்தார். சான்று ஏதுமில்லாமலே அது முப்பது ஆண்டுகள் அமெரிக்க மருத்துவமனைகளை ஆண்டது. மகன் ஒரு பக்கம் சிதைய, மறுபக்கம் நீதான் காரணம் என்று வெள்ளைக்கோட்டு மனிதர்கள் தாயிடம் சொல்லி அனுப்பினார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் மனநலப் பிரிவு தொடங்கியபோதும், உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கிச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்வதே முறையாயிற்று. செவிலியர் பற்றாக்குறைக்கும் அதில் பங்கிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் வார்டுக்குள் உட்காரவைத்த அந்த முடிவை, நம் நாட்டு மனநல மருத்துவம் உலகுக்குத் தந்த பெரிய கொடை என்றே கருதுகிறேன்.

குடும்பத்துக்குப் பங்கே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. அந்தப் பங்கு நோய் வந்த பிறகே தெளிவாகத் தெரிகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு நோய் ஏன் திரும்புகிறது என்று லண்டனில் ஆராய்ந்தபோது, ஓயாத குறைகூறல், வெறுப்புப் பேச்சு, மூச்சுமுட்டும் அளவு தலையீடு ஆகியவை நிறைந்த வீடுகளில் நோய் பல மடங்கு அதிகமாகத் திரும்பியது தெரிந்தது. இதையே சண்டிகரில் என். என். விக்கும் ஜூலியன் லெஃபும் 1980களில் செய்து பார்த்தார்கள். அத்தகைய வீடுகள் அங்கே ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான், லண்டனில் பாதிக்கு மேல். நம் பக்கத்திலேயே ஒரு கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதிய கட்டுரை இன்னும் வியப்பானது. மந்திரமோ சடங்கோ மருந்தோ இல்லாமல், குடும்பத்தாரோடு தங்கி, பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சராசரியாக ஆறு வாரம் இருந்ததில் நோய்க்குறிகளின் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புனிதத்தலம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேர் சாட்சி.

உங்கள் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன். அம்மாவின் சித்தப்பா தம்பிக்குத் தூரத்து ரத்த உறவு. அந்த அளவு உறவில் பொதுவான ஒரு சதவீத வாய்ப்பு சுமார் இரண்டாகும், அவ்வளவுதான். உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கு வாழ்நாள் வாய்ப்பு ஒன்பது பத்து சதவீதம் என்பது பழைய ஐரோப்பியக் கணக்கு. அதில் பெரும்பகுதி பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்கானது, அதை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். உங்கள் பிள்ளைக்கு நோயாளி தாய்மாமன். அந்த உறவில் வாய்ப்பு மூன்று நான்கு சதவீதம், அதாவது நூற்றில் தொண்ணூற்றாறு பேருக்கு வராது. திருமணப் பேச்சில் இதைச் சொல்லலாமா என்று கேட்பவர்களிடம் இந்த எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்றே கூறுவேன்.

தம்பிக்குத் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்த்திருக்கிறார்களா என்று மருத்துவச் சீட்டில் பாருங்கள்; இல்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள். கஞ்சாவை ஒருமுறைகூடத் தொடக் கூடாது. சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில மாதங்களில் மறுபடி என்னிடம் வந்து நின்றவர்கள் நிறையப் பேர்.

அப்பா இப்போதும் குடிக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் விழுந்த அடி இந்த நோயில் எத்தனை பங்கு என்பதை யாராலும் அளந்து சொல்ல முடியாது. இன்று இரவு அவர் வீட்டுக்கு எப்படி வருகிறார் என்பது அடுத்த ஆண்டு தம்பி வீட்டில் இருப்பானா வார்டில் இருப்பானா என்பதை ஓரளவு தீர்மானிக்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நோயின் காரணத்தைப் பற்றி வழியில் அவரிடம் எதுவும் பேச வேண்டாம். உள்ளே போனதும் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.